செம்மையும் மாசின்மையும்: கலைஞனின் குடி பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

நவீன கலை இலக்கியம் பற்றி எழுதுவோரிடையே ஒரு கருத்து நெடுங்காலமாக நிலவி வருகின்றது. உன்னதத்தைத் தேடும் கலைஞன் உலகின் குறைகளைப் பொறுக்கமாட்டாதவன். அவ்வுலகம் தன்னைப் புறக்கணிக்கும்போது அவன் மதுவை நாடுகின்றான். ஆகவே அவனது குடி அவனது கலையுணர்வின் மறுபக்கமாகும் என்பதே அது. அஞ்சலிக் குறிப்புகளிலும் நினைவுக் கட்டுரைகளிலும் இக்கருத்து பெரும்பாலும் வாதிக்கப்படுவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த உண்மை போலக் கூறிச் செல்லப்படுகின்றது.

அதே மது ஒரு துறைமுகத் தொழிலாளியின் கையில் இருக்குமாயின் அதனை விளக்குவதற்கு எவரும் உன்னதத்தைத் துணைக்கு அழைப்பதில்லை. அவன் குடிகாரன், அவ்வளவே. ஒரே செயலை அளப்பதற்கு இருவேறு கோல்கள் கையாளப்படுமிடத்து, அக்கோல்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பது விமர்சனத்தின் கடமையாகும். பூரணத்துவ நாட்டத்துக்கும் தீங்கு தரும் குடிப்பழக்கத்துக்கும் உள்ள உறவை, சில படைப்புகளையும் அவற்றின் பின்னணியான சமூக வரலாற்றையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலிற் பூரணத்துவ நாட்டம் என்ற கருத்தைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். கனடிய உளவியலாளரான போல் ஹியூவிற், கோர்டன் பிளெற் ஆகிய இருவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில் அதனை மூன்றாகப் பகுத்தனர். ஒருவர் தமக்குத் தாமே உயர்ந்த அளவுகோலை விதித்துக் கொள்வது ஒன்று. பிறரிடம் அதனை எதிர்பார்ப்பது மற்றொன்று. தாம் குறையற்றவராய் இருத்தல் வேண்டுமெனப் பிறர் எதிர்பார்க்கின்றனர், அல்லாவிடின் தம்மை ஏற்கமாட்டார்கள் என உணர்வது மூன்றாவது. இம்மூன்றாவதனைச் சமூகம் விதிக்கும் பூரணத்துவம் எனலாம்.

மதுவோடு இவற்றுக்குள்ள தொடர்பு பற்றிப் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் யாவும் ஒரே முடிவைத் தந்துவிடவில்லை. எனினும் ஒரு பொதுப்போக்கு புலனாகின்றது. தமக்குத் தாமே உயர்ந்த இலக்கு வகுத்துக் கொள்வோர் அக்காரணத்தால் மிகுதியாகக் குடிப்பவர் ஆகின்றனர் என்பதற்கு வலுவான சான்று இல்லை. பிறர் கண்ணிற் குறைந்துபோவோமோ என்ற அச்சமும், செய்த பிழையை மீண்டும் மீண்டும் எண்ணி வருந்தும் இயல்பும் உடையோரே, மனவழுத்தத்தைத் தணிக்கும் பொருட்டுக் குடிக்கும் வழக்கத்துக்கு எளிதில் ஆட்படுகின்றனர். மகிழ்ச்சிக்காகக் குடிப்பதிலும் பார்க்கத் துயர் தணிக்கக் குடிப்பதே பெருந்தீங்கில் முடிவது என்பதும் இத்துறையிற் பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும்.

இவ்வேறுபாட்டைத் தமிழில் இரு சொற்களாற் குறிக்கலாம். செய்யும் பொருள் திருத்தமாக அமைதல் வேண்டும் என்ற அக்கறையைச் செம்மை என்போம். செய்பவன் குற்றமற்றவனாகத் தோன்றுதல் வேண்டும் என்ற நெருக்குதலை மாசின்மை என்போம். செம்மை பொருளைப் பற்றியது. ஒரு வரி சரியாக அமையாவிடின் அதனை அடித்து மீண்டும் எழுதலாம். மாசின்மை ஆளைப் பற்றியது. ஆளை அடித்து எழுதவியலாது. அங்கு ஒரு பிழை நேர்ந்ததும் பிழைத்தது வரியன்று, நானே என்ற எண்ணம் எழுகின்றது. மது நுழையும் வாயில் இதுவே என்பது இக்கட்டுரையின் வாதம்.

3

மதுவையும் நாணத்தையும் இணைத்து நோக்குவது தமிழுக்குப் புதிதன்று. ஆயின் அவ்விணைப்பு எக்காலத்தும் ஒரே தன்மையதாய் இருந்ததில்லை. புறநானூற்றின் 235ஆம் பாடலில், இறந்துபட்ட அதியமானை எண்ணிப் புலம்பும் ஔவையார் முதலில் நினைவுகூர்வது அவன் கள்ளைப் பகிர்ந்த முறையையே. சிறிதளவே கிடைத்தபோது அதனைத் தமக்குத் தந்தான் என்றும், பெருமளவு கிடைத்தபோது தாம் உண்டு பாட அவனும் உடன் மகிழ்ந்தான் என்றும் அவர் கூறுகின்றார். அங்கு கள் பகிர்வின் பொருள். அதனை உண்பதில் நாணம் இல்லை. கைலாசபதி 1968இல் வெளியிட்ட வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூல் எடுத்துக்காட்டிய பாணர், புலவர், தலைவர் உறவின் பின்னணியிலேயே இப்பாடலை விளங்கிக்கொள்ள முடியும்.

திருக்குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமைக்கு வரும்போது நிலைமை மாறிவிடுகின்றது. நாணம் என்னும் நற்பண்பு கள்ளுண்பவனை விட்டு விலகிச் செல்லும் என்பது வள்ளுவர் கருத்து. அதாவது, குடி முதலில். நாணிழப்பு அதன் பின்விளைவு. அறநூலின் நோக்கிற் பொருத்தமான இவ்வரிசை, நவீன மனிதனின் குடியை விளக்கப் போதுமானதன்று. இன்று நாம் காணும் பலரிடத்து நாணமே முதலில் வருகின்றது. தாங்கவொண்ணாத நாணத்தைச் சில மணிநேரம் மறப்பதற்கு அவர்கள் குடிக்கின்றனர். குடித்தமைக்காக மறுநாள் மேலும் நாணுகின்றனர். அறவுரை அந்நாணத்தைப் பெருக்குவதன்றி வேறொன்றும் செய்வதில்லை.

இம்மாற்றத்துக்கு இடையில் நிற்பது காலனித்துவம். பிரித்தானிய ஆட்சி சாராயக் குத்தகையை ஏலத்தில் விற்று வருவாய் ஈட்டியது. இக்குத்தகைகள் வாயிலாகத் திரண்ட மூலதனம் இலங்கையின் முதலாளி வர்க்கத் தோற்றத்தில் வகித்த பங்கினைக் குமாரி ஜயவர்த்தன 2000இல் வெளியான தமது நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். 1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் மதுவொழிப்பு இயக்கமும் வலுப்பெற்றது. தவறணையின் வருவாயும் தவறணைக்கு எதிரான அறமும் ஒரே சமூகத்திற் பக்கம் பக்கமாக வளர்ந்தன.

இம்முரண்பாட்டைத் தெளிவாகக் காணக்கூடிய இடங்களுள் ஒன்று திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள சீனன்குடா. விமானத்தளம், மலைச்சரிவுகளில் வரிசையாக நிற்கும் எண்ணெய்த் தாங்கிகள், புகையிரதப் பாதை ஆகிய யாவும் பேரரசின் போர்த்தேவைக்காக உருவாகியவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி நிகழ்ந்த யப்பானிய விமானத் தாக்குதல் இவ்விடத்தின் இராணுவ முக்கியத்துவத்தை உணர்த்திற்று. 1957இல் தளங்கள் இலங்கையிடம் கையளிக்கப்படும் வரை திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் கீழைத் தளமாக விளங்கியது.

அக்கடற்படை தனது மாலுமிகளுக்கு நாள்தோறும் ஒரு பைந்தின் எட்டிலொரு பங்கு றம் வழங்கி வந்தது என்பது மனங்கொளத்தக்கது. கப்பலில் மது ஒழுங்கின் ஒரு பகுதி; அரசே அளந்து ஊற்றுவது. அதே அரசின் தவறணையிற் குடித்த உள்ளூர்க் கூலித் தொழிலாளி ஒழுங்கற்றவன் எனப்பட்டான். 1970 யூலை 31ஆம் திகதி அந்த றம் பங்கீடு நிறுத்தப்பட்டது. அதற்குக் கூறப்பட்ட காரணத்தை நோக்குதல் வேண்டும். மாலுமிகளின் பணி சிக்கலும் நுட்பமும் வாய்ந்த பொறிகளைச் சார்ந்ததாகிவிட்டமையால், அதற்கு வேண்டிய உயர்ந்த திறன்தரத்தோடு றம் வழங்கல் பொருந்தாது என்பதே அது. உடல் வலி மறக்க வேண்டிய காலத்தில் மது கொடுக்கப்பட்டது. கை பிழைக்கலாகாது என்ற காலத்தில் அது நிறுத்தப்பட்டது. இரு நிலைகளிலும் அளவுகோல் வேலையின் தேவையிலிருந்தே வந்தது. மனிதனின் நலத்திலிருந்து வரவில்லை.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? பூரணத்துவம் தனிமனித உள்ளத்தில் மட்டும் முளைக்கும் பண்பு எனக் கொள்ளுதல் பொருந்தாது. அது ஒரு வேலை ஒழுங்காகவும் சமூக ஒழுங்காகவும் வெளியிலிருந்து வருகின்றது. எமது சமூகத்தில் அது சாதித் தூய்மையின் வடிவிலும் வந்தது. கள்ளிறக்கியவனைத் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கிக்கொண்டே அவன் இறக்கிய கள்ளை மறைவிற் குடித்துவிட்டு மானஸ்தனாக வீடு திரும்பும் வழக்கத்தை யாழ்ப்பாணச் சமூகம் நன்கறியும். 1972இல் வெளியான கே. டானியலின் ‘பஞ்சமர்’ சித்திரிக்கும் சாதியமைப்பு இத்தகைய மாசின்மைப் பாசாங்கின் மீது எழுப்பப்பட்டதே. மாசு என்ற சொல்லே இங்கு வரலாற்றுச் சுமை உடையது.

4

கலைஞனின் குடியை உன்னதமாக்கிக் காட்டிய மரபில் சரத்சந்திரரின் ‘தேவதாஸ்’ முதன்மையானது. 1917இல் நூல்வடிவில் வெளியான அந்நாவலைத் தமிழ் மக்களிற் பெரும்பாலோர் 1953இல் வந்த திரைப்படத்தின் வழியே அறிந்துகொண்டனர். தேவதாஸ் கலைஞன் அல்லன். நிலவுடைமைக் குடும்பத்தின் மகன். காதலித்தவளைக் குலப்பெருமைக்கு அஞ்சிக் கைவிட்டவன். அவனது குடி, துணிவின்மையால் விளைந்த குற்றவுணர்வின் குடி. ஆனால் இரசிகர் மனத்தில் அது தூய காதலின் அடையாளமாகவே பதிந்துவிட்டது.

இம்மரபை உள்ளிருந்தே கேள்விக்குட்படுத்தியவர் இந்தித் திரைப்பட நெறியாளரான குரு தத். 1959இல் வெளியான அவரது ‘காகஸ் கே பூல்’ படத்தில் வரும் நெறியாளர் சுரேஷ் சின்ஹா எடுத்துக்கொண்டிருப்பதும் ஒரு ‘தேவதாஸ்’ படந்தான். எடுத்த காட்சியில் நிறைவு காணாது திருத்திக்கொண்டே இருப்பவர் என்று பெயர் பெற்ற குரு தத், பாதியிற் கைவிட்ட படங்களும் உண்டு. 1964 ஒக்டோபர் 10ஆம் திகதி, தமது 39ஆம் வயதில் அவர் மறைந்தார். எனவே படத்தின் சுரேஷ் சின்ஹாவையும் அதனை எடுத்தவரையும் ஒன்றாக்கி, பூரணத்துவத்துக்குப் பலியான கலைஞன் என்ற படிமத்தை விமர்சகர்கள் எளிதில் உருவாக்கிக்கொண்டனர்.

படத்தைக் கவனமாக நோக்கின் வேறொன்று தெரிகின்றது. சுரேஷ் தன் வேலையிற் கண்டிப்பானவன். பார்வதி பாத்திரத்துக்கு ஒப்பனை மிகுந்த செயற்கையை அவன் ஏற்பதில்லை. ஆயினும் அப்பாத்திரத்துக்குரியவளை அவன் கண்டடைவது ஒரு பிழையின் மூலமே. படப்பிடிப்புக்கிடையில் தற்செயலாகக் கமராவின் முன் நடந்து வந்துவிட்ட பெண்ணின் உருவத்தைத் திரையிற் பார்க்கும்போது, தான் தேடியது அவளிடம் இருப்பதை அவன் உணர்கின்றான். செம்மையை நாடும் கலைஞன் பிழையிலிருந்தும் பெறுகின்றான் என்பதற்கு இதனிலும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. இக்காலத்தில் அவன் குடியில் மூழ்கியவன் அல்லன். மனைவியின் குடும்பம் திரைப்படத் தொழிலை இழிவாகக் கருதுகின்றது. ஊர்ப்பேச்சு மகளைப் பாதிக்கின்றது. நீதிமன்றம் மகளை அவனிடமிருந்து பிரிக்கின்றது. படம் தோற்றதும் ஸ்டூடியோ அவனை வெளியேற்றுகின்றது. இவற்றின் பின்னரே மது அவனை முழுமையாக ஆட்கொள்கின்றது. கலைமீது கொண்ட கண்டிப்பு அவனை வீழ்த்தவில்லை. தந்தை, கணவன், வெற்றியாளன் என்ற நிலைகளில் அவன்மீது சுமத்தப்பட்ட மாசின்மையே வீழ்த்துகின்றது.

குரு தத் தயாரித்து அப்றார் அல்வி நெறிப்படுத்திய ‘சாகிப் பீபி அவுர் குலாம்’ (1962) இவ்வுண்மையை மேலும் துலக்கமாக்குகின்றது. பிமல் மித்திரரின் வங்க நாவலைத் தழுவிய இப்படத்தில், நிலவுடைமை மாளிகையின் இளைய மருமகள் குடிக்கத் தொடங்குவது எதற்காக? நடனமாதரிடம் செல்லும் கணவனை வீட்டில் இருத்துவதற்காக. அவன் விரும்பும் துணையாக இருப்பதற்கு அவர்களைப் போற் குடிக்கவும் வேண்டும் என்ற நிபந்தனையை அவள் ஏற்கின்றாள். குறையற்ற மனைவியாய் இருத்தல் என்ற இலட்சியமே அவள் கையிற் கிண்ணத்தைத் தருகின்றது. பின்னர் அவளால் அதனைக் கைவிட முடியாதபோது, அவ்விலட்சியத்தின் பெயராலேயே அவள் களங்கமுற்றவள் ஆகின்றாள். இங்கு கலையும் இல்லை, மேதைமையும் இல்லை; விதிக்கப்பட்ட பூரணத்துவமும் அதன் விலையுமே உள்ளன. பெண்ணின் குடிக்குக் காவிய மதிப்பு அளிக்க எவரும் முன்வராமையும் கவனிக்கத்தக்கது.

பெண்ணிடம் மட்டும் மாசின்மையைக் கோரும் இப்போக்கு பழைய மாளிகைகளோடு மறைந்துவிடவில்லை. இலங்கையிற் பெண்களுக்கு மது விற்பதைத் தடைசெய்த 1979ஆம் ஆண்டு அறிவித்தலை 2018 சனவரியில் நிதியமைச்சு நீக்கியபோது எழுந்த எதிர்ப்பும், அந்நீக்கத்தைச் சில நாட்களுக்குள் மீளப்பெறுமாறு சனாதிபதி பணித்தமையும் நினைவிலிருக்கும். மதுவினால் விளையும் தீங்கே கவலையாயின் ஆணின் குடியே முதலிற் பேசப்பட்டிருக்க வேண்டும். அங்கு பேசப்பட்டது பண்பாட்டின் தூய்மை.

5

தமிழ்ப் புனைகதையில் இப்பிரச்சினையை நோக்குவதற்கு ஜி. நாகராஜன் தவிர்க்கவியலாதவர். கணிதத்தில் ஆற்றல் மிக்கவர், கல்லூரி ஆசிரியர், பொதுவுடைமைக் கட்சியோடு தொடர்பு கொண்டிருந்தவர். பிற்காலத்தில் மதுவுக்கும் பிற போதைகளுக்கும் ஆட்பட்டு 1981இல் மதுரையில் மறைந்தார். ‘குறத்தி முடுக்கு’ (1963), ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) ஆகியனவும் சிறுகதைகளுமாக அவர் விட்டுச்சென்றவை அளவிற் சிறியன.

இச்சிறுமைக்கு இரு விளக்கங்கள் கூறப்படலாம். அவர் கண்டிப்பு மிக்கவர், ஆகவே குறைவாக எழுதினார் என்பது ஒன்று. குடி அவரது காலத்தையும் உடலையும் தின்றது என்பது மற்றொன்று. முதலாவது கவர்ச்சியானது, இரண்டாவது எளியது. படைப்பின் செம்மைக்கு நன்றி செலுத்தும் ஆர்வத்தில் நாம் முதலாவதையே விரும்புகின்றோம். அவ்வாறு செய்கையில் இழப்பையே சாதனையாகக் கணக்கிட்டு விடுகின்றோம்.

‘நாளை மற்றுமொரு நாளே’ இந்த மயக்கத்துக்கு இடந்தராத நூல். நகரத்தின் அடித்தளத்தில் வாழும் கந்தன் என்பவனின் ஒருநாள் வாழ்க்கையே அதன் பொருள். அவனது காலை மதுவின் தேவையோடு விடிகின்றது. அத்தேவை தத்துவமாகவும் சோகமாகவும் வளர்க்கப்படவில்லை. கடன், தரகு, பொலிஸ், உணவு ஆகியவற்றைப் போல அதுவும் அன்றைய நாளின் ஒரு காரியம். ஆசிரியர் கந்தனை இரங்கத்தக்கவனாக்கவுமில்லை, கண்டிக்கவுமில்லை. இந்தத் தூரமே நாவலின் செம்மை. மாசற்ற மனிதனைத் தேடும் வாசகனுக்கு அங்கு எவரும் கிடைப்பதில்லை.

இங்கு ஒரு முரண்நிலை தோன்றுகின்றது. தேவதாஸ் மரபைக் கைவிட்டு ஒரு குடிகாரனை எழுதிக்காட்டிய ஆசிரியரையே, அவர் மறைந்தபின், தேவதாஸ் மரபுக்குள் வைத்து நினைவுகூர்கின்றோம். நாவல் கந்தனுக்கு வழங்கிய நேர்மையை நாம் நாவலாசிரியருக்கு வழங்குவதில்லை.

6

இவ்வகை வழிபாடு தீங்கற்ற மிகை என்று சிலர் கருதலாம். அவ்வாறு கருதவியலாமைக்குக் காரணம் உண்டு. கிரெகரி பேற்சன் 1971இல் எழுதிய கட்டுரையொன்றில், குடியடிமையின் போராட்டம் பெரும்பாலும் ஒரு செருக்கின் போராட்டம் என்று விளக்கினார். தன் மனத்திட்பத்தால் போத்தலை வென்று காட்டுவேன் என்று அவன் புறப்படுகின்றான். வென்றதும் அவ்வெற்றியைச் சோதிக்க மீண்டும் குடிக்கின்றான். 1935இல் அமெரிக்காவில் தோன்றிய குடியடிமைகளின் பரஸ்பர உதவிச் சங்கம், தன்னால் இயலாமையை ஒப்புக்கொள்வதையே முதற்படியாக வைத்தமை அச்செருக்கைத் தளர்த்தும் பொருட்டே என்பது அவர் கருத்து.

1985இல் அலன் மார்லற், யூடித் கோர்டன் ஆகியோர் மீட்சி முறிவு பற்றி வெளியிட்ட நூல் மற்றொன்றை உணர்த்திற்று. குடியை விட்டவர் ஒருநாள் தவறிக் குடித்துவிட்டால், அத்தவறே அவரைப் பழைய நிலைக்குத் தள்ளிவிடும் என்பதில்லை. ‘எல்லாம் பாழாயிற்று, நான் திருந்தாதவன்’ என்று அத்தவறுக்கு அவர் கொடுக்கும் பொருளே பெரிதும் தள்ளுகின்றது. இது மாசின்மையின் தருக்கம்: முழுமை அல்லது சூனியம். செம்மையின் தருக்கமோ வேறு. ஒரு வரி பிழைத்தது. மறு வரியைத் திருத்துவோம் என்பது அது. நல்ல கையெழுத்துப் பிரதி எதிலும் அடித்தல்கள் இருப்பதை எழுத்தாளர் யாவரும் அறிவர். அவ்வறிவைத் தம் வாழ்வின்மீதும் பிரயோகிக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

இது எழுத்தாளர்க்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. அமெரிக்க, கனடிய, பிரித்தானிய மாணவர் 41,641 பேரிடம் 1989 முதல் 2016 வரை பெறப்பட்ட தரவுகளைத் தொகுத்து ஆராய்ந்த தோமஸ் கறன், அன்ட்ரூ ஹில் ஆகியோர், மூவகைப் பூரணத்துவ நாட்டமும் பெருகியுள்ளதையும் அவற்றுட் சமூகம் விதிக்கும் வகையே மிகுதியாகப் பெருகியுள்ளதையும் 2019இல் வெளியிட்ட ஆய்விற் காட்டினர். போட்டியையே வாழ்க்கை நெறியாக்கும் பொருளாதாரச் சூழலோடு அவர்கள் அதனை இணைத்தனர். தமிழ் மாணவரிடையே இத்தகைய அளவீட்டை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. ஒரே பரீட்சையின் பெறுபேற்றால் ஒரு பிள்ளையின் மதிப்பை நிறுக்கும் வீடுகள் எம்மைச் சூழ உள்ளன.

இந்நிலையில் விமர்சனம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவதாக, படைப்பின் செம்மையைப் படைப்பிலிருந்தும் அதன் திருத்தங்களிலிருந்தும் நிறுவுதல் வேண்டும். ஆசிரியரின் போத்தலைச் சான்றாகக் கொள்ளலாகாது. இரண்டாவதாக, குடியால் எழுதப்படாது போனவற்றை இழப்பு என்றே கூறுதல் வேண்டும். அது ஆசிரியரைப் பழிப்பதாகாது. அவரை மருந்தும் துணையும் வேண்டிய மனிதராக மதிப்பதாகும். மூன்றாவதாக, சீனன்குடாவில் வேலை முடிந்து தவறணைக்குச் செல்லும் தொழிலாளியையும் கவிஞனையும் ஒரே மொழியிற் பேசுதல் வேண்டும். ஒருவனுக்கு நோயாக இருப்பது மற்றவனுக்கு மேதைமையின் முத்திரையாக இருத்தல் இயலாது. ஒருவனுக்குக் கிடைக்கும் இரக்கம் மற்றவனுக்கு மறுக்கப்படுதலும் நீதியாகாது.

எழுதத் தொடங்கும் இளைஞர்கள் எமது கட்டுரைகளை வாசிக்கின்றனர். மேதைகள் எவ்வாறு எழுதினர் என்பதைவிட அவர்கள் எவ்வாறு அழிந்தனர் என்பதையே நாம் சுவைபட எழுதுவோமாயின், அவர்கள் கற்றுக்கொள்வதும் அதுவாகவே இருக்கும். திருத்தி எழுதும் பொறுமையை அவர்களுக்குக் கற்பிப்பதே பல்கலைக்கழகத் தமிழ்ப் பணியின் ஒரு பகுதியாதல் வேண்டும்.